வியாதியஸ்தர் பட்டியல்

தம்பி,

கடிதத்தின் தலையில் ஒரு வசனத்தை எழுதி, அதற்கடியில் ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்குவது நம் வீட்டு வழக்கம். வசனம் இனி உன் பாடு. நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு நீ பெரம்பலூரைத் தாண்டி, வேப்பந்தட்டைப் பக்கம் நாலு ஊர்ச் சபைகளுக்குப் போதகராகப் பொறுப்பேற்கிறாய். நம் ஆட்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். உன் அப்பா இப்போதே "ஐயர் சாப்ட்டாச்சா, ஐயர் எந்திரிச்சாச்சா" என்று போனில் உன்னைக் கேலி செய்துகொண்டிருக்கிறார். சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாகவே காலத்தை ஓட்டிய மனுஷனுக்கு மகன் அங்கி போடுவதில் உள்ளுக்குள் பெருமைதான். பெருமை வந்தால் அவருக்கு அது கேலியாகத்தான் வெளியே வரும். எனக்கும் இருக்கிறது. அதை நேரில் வரும்போது சொல்கிறேன்.

போன வாரம் நீ போனில் ஒன்று கேட்டாய். "ம்மா, நீ முன்னாடி கோயில்ல வியாதியஸ்தர் பட்டியல் வாசிப்பியே, அதை எப்படி எழுதுவ? நான் போற சபையிலயும் அந்த மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்" என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அந்தப் பட்டியலை நான் ஏன் நிறுத்தினேன் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. ஊரடங்கு போட்ட அந்த வருடம் நீ ஓசூர் கம்பெனியில் இருந்தாய், பஸ் ஓடாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாய். இங்கே நடந்ததில் பாதியைத்தான் போனில் கேட்டிருப்பாய், அதுவும் நான் சொன்ன விதத்தில். இப்போது முழுதாக எழுதுகிறேன். இதில் ஒரு பிரதியை நம் சபைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். தப்பை எல்லோர் காதிலும் விழும்படி செய்துவிட்டு, அதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்வது சரியாக இருக்காது. அதனால் ஊர்ப் பெயரை எழுதவில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். யார் யார் என்று உனக்குத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பட்டியல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூட நோட்டில் கிழித்த ஒரு தாள். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் நான் எழுந்து போய், சுகமில்லாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பேன். ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்கு வேறு எப்படி வாசிக்க வரும்? தெரு, கணவர் பெயர் அல்லது தகப்பன் பெயர், என்ன வியாதி, எத்தனை நாளாக, எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் இருக்கும். மேலத்தெரு தாவீது மனைவி, இடது கண் ஆபரேஷன், அரியலூர் ஆஸ்பத்திரி. கண்ணை மூடிக்கொண்டே எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்கு மூன்று பேராவது பன்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போவார்கள், ஒருவர் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வருவார். செந்துறை பஸ் போகும் வழியில், முந்திரிக்காட்டுக்கு நடுவே நாற்பது வீட்டுச் சபைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் பெயர் வருவது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஞானம்மாவை உனக்கு நினைவிருக்கும். கோயிலைப் பெருக்கி, விளக்கைத் துடைத்து, நான் வாசிக்கிற தாளையே எடுத்து வைக்கிறவள். ஒரு தடவை அவளுடைய முட்டி வலியைப் பட்டியலில் விட்டுவிட்டேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "ஏன் டீச்சர், ஊர்ல எல்லாரு கண்ணும் காலும் ஆண்டவருக்குத் தெரியணும், என் முட்டி மட்டும் தெரியக்கூடாதா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, கடைசி வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் நான் "சகோதரி ஞானம்மாளின் இரண்டு முழங்கால்களுக்காகவும்" என்று தனியாக வாசித்த பிறகுதான் முன்வரிசைக்கு வந்தாள். இதைச் சொல்லி நானும் உன் அப்பாவும் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம்.

உன் பெயரையும் ஒரு தடவை வாசித்தேன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் நீ அரியர் வைத்தபோது. "நான்கு பாடங்களில் தவறிய என் மகனுக்காக" என்று முழுச் சபைக்கும் தெரியச் சொன்னேன். பாடங்களின் பெயர்களையும் சொன்னதாக நீ சொல்வாய், எனக்கு அது நினைவில்லை. நீ முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாய். வீட்டுக்கு வந்ததும் "அப்படியே ரிஜிஸ்டர் நம்பரையும் சொல்லியிருக்கலாமேம்மா, ஆண்டவரு ஆள் மாறிடப் போறாரு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். இரண்டு மாதம் கோயில் பக்கம் வரவில்லை. உனக்கு ரோஷம் அதிகம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இப்போது அதற்காக வருத்தப்படுகிறேன்.

அந்த வருடம் தவக்காலத்தின் நடுவில் கோயிலைப் பூட்டினோம். குருத்தோலை ஞாயிறுக்கு ஊர்வலம் இல்லை, அவரவர் வீட்டு நிலையில் ஓலைச் சிலுவையைச் செருகிக்கொண்டோம். அப்போதிருந்த ஐயர் அரியலூரில் இருந்தார், ஆறு ஊர் அவர் பொறுப்பில். வெளியே வர முடியாததால் பிரசங்கத்தை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். அந்தக் குரூப்பை ஆரம்பித்துக் கொடுத்ததும், மைக் படத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும் என்று ஓசூரிலிருந்து எனக்குப் பாடம் எடுத்ததும் நீதான். வீட்டுக்கு வீடு போனை டிவி மேல் வைத்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, கீழே பாய் விரித்து உட்கார்ந்து கேட்டார்கள். சிலர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்கள், அதையும் நான் அறிவேன். திராட்சரசத்தைத் தம்ளரில் ஊற்றிப் போன் முன்னால் வைத்தால் ஐயர் ஜெபம் அதற்குச் செல்லுமா என்று ஒரு பெரியவர் குரூப்பிலேயே கேட்டார். அரை நாள் கழித்து ஐயர், பொறுத்திருப்போம் என்று மட்டும் எழுதினார். பல மாதம் எங்களுக்கு அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்து இல்லாமல் போனது.

பிரசங்கம் வந்த பிறகு என் பட்டியல் வரும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வகுப்பில் வாசிக்கிற குரலில் வாசித்து அனுப்புவேன். நேரில் வாசித்ததைவிட இதில் எனக்கு ஒரு கூடுதல் திருப்தி இருந்தது. யார் கேட்டார்கள் என்று நீலக் குறி காட்டிவிடும். கோயிலுக்கே வராதவர்கள்கூட, திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள்கூட, கேட்டுவிட்டு ஆமென் போட்டார்கள். டீச்சர் குரலைக் கேட்டால்தான் ஞாயிறு மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். அதை உன் அப்பாவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

சென்னையில் மார்க்கெட்டுகளை மூடியதும், அங்கே மூட்டை தூக்கப் போயிருந்த நம் பக்கத்து ஆட்கள் கிடைத்த லாரியில் ஏறி ஊர் திரும்பினார்கள். அவர்களால்தான் நோய் வருகிறது என்று அரியலூர், பெரம்பலூர் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. நம் சபையில் எஸ்தரின் கணவர் தேவராஜ் அப்படி வந்தவர். எஸ்தர் இரண்டு கறவை மாடு வைத்துக்கொண்டு வீட்டைத் தாங்குகிறவள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "டீச்சர், இவரு வூட்டுக்கு வந்துட்டாருங்க. நேத்துலேருந்து காய்ச்சலா கெடக்காரு. பட்டியல்ல பேரைச் சேத்துக்கங்க. யாருக்கிட்டயும் சொல்லலைங்க, உங்களுக்கு மட்டுந்தான் சொல்றேன்" என்றாள். பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அது முரணாகத் தெரியவில்லை. கோயிலில் சொல்வது ஆண்டவரிடம் சொல்வது, ஊரில் சொல்வது வேறு. இத்தனை வருடம் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பேசி அனுப்பினேன். "சென்னையிலிருந்து திரும்பி வந்து, கடுமையான காய்ச்சலில் படுத்திருக்கும் மேலத்தெரு சகோதரர் தேவராஜுக்காகவும், அவர் மனைவி எஸ்தருக்காகவும் ஜெபிப்போம்" என்பது நான் சொன்ன வாக்கியம். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. ஒன்பது மணி இருக்கும். பத்தரைக்குள் அந்தப் பேச்சு ஊர் இளைஞர்களின் குரூப்புக்குப் போய், அங்கிருந்து பக்கத்து மூன்று ஊருக்கும் போய்விட்டது. பதினொரு மணிக்கு மேலத்தெரு முனையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்துவிட்டார்கள். சாயங்காலம் பால் எடுக்க வருகிற வண்டிக்காரர் முள்ளுக்கு அந்தப் பக்கமே நின்று, கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். கறந்த பாலை எஸ்தர் வாய்க்காலில் ஊற்றினாள். மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. தேவராஜ் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு, தானாகவே நடந்து வந்து ஏறினார். மாடி உள்ள வீடுகளில் எல்லாம் ஆட்கள் நின்று போனில் படம் எடுத்தார்கள். அதில் நம் சபையாரும் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அந்த நோய் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் முள்ளை எடுக்கப் பத்து நாள் ஆனது. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அந்த வீட்டுப் பாலை யாரும் வாங்கவில்லை. ஒரு மாட்டை எஸ்தர் விற்றுவிட்டாள். நான் போன் செய்தேன். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, "ஜெபத்துலதான டீச்சர் சொன்னேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. யாரோ ஒருவன் ஃபார்வர்ட் செய்துவிட்டான், நான் என்ன செய்ய என்று உன் அப்பாவிடம் புலம்பினேன். அவர் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "நீ ஜெபம் பண்ற மாதிரியா பண்ற? அட்டென்டன்ஸ் எடுக்குற மாதிரில்ல பண்ற" என்றார். அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பட்டியலுக்கு ஒரு பெயரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. சனிக்கிழமை முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், காது என்று வாரம் பதினைந்து பெயர் கொடுத்த சபையில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஐயருக்கு நடந்த விவரம் சரியாகப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. "நம்ம சபையில ஒருத்தருக்குக்கூட சுகவீனம் இல்லாம ஆண்டவர் கோட்டை மாதிரி காத்துக்கிட்டு வராரு" என்று ஸ்தோத்திரம் செலுத்தி அனுப்பினார். எல்லோரும் ஆமென் போட்டார்கள். அந்த வாரம் மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் வீட்டுக்கு வீடு கபசுரக் குடிநீர் கொதிக்கிற வாடை எனக்கே வந்தது. இருமல் வந்தால் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு இருமினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எனக்குத் தெரியாமல் என் சபை சுகமில்லாமல் இருந்தது.

ஆடி கடைசியில் ஞானம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. தூத்துக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் அப்போது ஊரில்தான் இருந்தாள். முதல் நாளே ஊர்ச் சுகாதார நர்ஸம்மாவுக்குச் சொல்லலாம் என்றிருக்கிறாள். "வேணாம்டி, பேசாம இரு. டீச்சருக்குத் தெரிஞ்சா லிஸ்ட்ல படிச்சிடுவாங்க, நாளைக்கு நம்ம வாசல்லயும் முள்ளு வெட்டிப் போடுவாங்க" என்று ஞானம்மா தடுத்துவிட்டாள். மூச்சு வாங்குகிற வரைக்கும், அதாவது ஐந்து நாள், வீட்டுக்குள்ளேயே கஷாயம் குடித்துப் படுத்திருந்தாள். ஆறாம் நாள் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. சர்க்கரையும் இருந்தது, வயதும் ஆகிவிட்டது, பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த ஐந்து நாள் அவள் பயந்தது நோய்க்கு இல்லை, எனக்கு. இதை அவள் மகள்தான் என்னிடம் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். உடல் முழுக்க மூடிய உடுப்பில் நாலு பேர் இறக்கினார்கள். ஐயர் அனுமதி வாங்கி வந்து, சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று அடக்க ஆராதனை நடத்தினார். நானும் உன் அப்பாவும் சாலையில் நின்றோம். கோயிலை நாற்பது வருடம் பெருக்கியவளுக்குக் கோயிலுக்குள் ஒரு பாட்டுப் பாட முடியவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, ஐயர் குரல் பாதி கேட்கவில்லை. நான் அழுதேன். டீச்சருக்கு ஞானம்மா மேல் எவ்வளவு பாசம் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். பாசம் இருந்தது உண்மைதான்.

கோயில் திறந்தபோது தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். வட்டத்துக்கு ஒருவர். திருவிருந்துக்குப் பொதுக் கிண்ணம் இல்லை, அப்பத்தை ரசத்தில் தொட்டு ஐயர் உள்ளங்கையில் போட்டார். எஸ்தரும் தேவராஜும் வந்தார்கள். அவள் வேறு சபைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை. என்னைப் பார்த்தால் ஸ்தோத்திரம் டீச்சர் என்பாள், நலம் விசாரிப்பாள், நான் கேட்டால் நல்லா இருக்கோம் என்பாள். ஐந்து வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் நன்றாகவே இருக்கிறார்கள். அந்தக் கிறிஸ்துமஸோடு பட்டியல் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். குரல் போய்விட்டது, வயதாகிவிட்டது என்று சொன்னேன். நீ அப்போது இறையியல் கல்லூரியில் சேருவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாய். யாரோ ஃபார்வர்ட் செய்த கதையைத்தான் உனக்கும் சொன்னேன். பொறுப்பில்லாத பையன்கள் என்று நீயும் கோபப்பட்டாய்.

இப்போது இந்தக் கடிதத்தை எதற்கு எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். மேலே எஸ்தர் போனில் சொன்னதை எழுதும்போது ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன், அடித்துவிட்டுத் திரும்ப எழுத மனமில்லாமல் இங்கே எழுதுகிறேன். பேரைச் சேத்துக்கங்க என்று சொன்னவள், "காய்ச்சல்னு மட்டும் சொல்லுங்க டீச்சர், சென்னையிலேருந்து வந்தாருன்னு சொல்லிடாதீங்க" என்றும் சொன்னாள். நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத்தான் மறுநாள் சென்னை என்ற வார்த்தையைப் போட்டேன். வாய் தவறி வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே தாளில் எழுதிவிட்டேன். கடுமையான என்ற வார்த்தையும் நான் சேர்த்ததுதான். எஸ்தர் வீட்டுக்குப் பால் வாங்கப் போகிறவர்கள், அவள் வாசலில் விளையாடுகிற பிள்ளைகள், இவர்களெல்லாம் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதை நேராகச் சொன்னால் என்னைப் பொல்லாதவள் என்பார்கள். ஜெபத்துக்குள் வைத்துச் சொன்னால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக் கேட்கிறவர்கள் ஆமென்தான் சொல்வார்கள்.

நோயை மறைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் பயம் இருந்தது, எனக்கும் இருந்தது, அதில் தப்பில்லை. நான் செய்ய வேண்டியிருந்தது மிகச் சின்ன வேலை. எஸ்தரிடமே, நர்ஸம்மாவுக்குப் போன் போடு, நான் வேண்டுமானால் பேசுகிறேன், அதுவரை பாலை யாருக்கும் ஊற்றாதே, நம் வீட்டுப் பணத்தில் நாலு நாள் சமாளிப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்டிருப்பாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. அதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதை விட்டுவிட்டு ஆண்டவரிடம் பேசுகிற பாவனையில் ஊரிடம் பேசினேன். உன் ஊழியத்தில் இந்தச் சபலம் உனக்கும் வரும். பிரசங்கத்தில் ஒருவரைக் குத்தலாம், ஜெபத்தில் ஒருவரைக் காட்டிக்கொடுக்கலாம், யாரும் எழுந்து கேட்க மாட்டார்கள். அங்கி போட்டவனை யாரும் இடையில் நிறுத்துவதில்லை. நீ பட்டியல் ஆரம்பி, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அது நல்ல வழக்கம். ஆனால் பெயர் கொடுக்கிறவரிடம் எவ்வளவு சொல்லட்டும் என்று கேள். அவர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காதே. சேர்க்கத் தோன்றினால், அந்த வார்த்தை யாருக்காக என்று உன்னையே கேட்டுக்கொள். இதைவிட நல்ல புத்திமதி என்னிடம் இல்லை.

நீ போனில் கேட்ட மறுநாள் நான் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். ஐந்து வருடத்தில் அந்த வாசலை நான் மிதித்ததில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாடுதான் நின்றது. நாற்காலி எடுத்து வந்து வெளியிலேயே போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, சென்னை என்ற வார்த்தையை நான் தெரிந்தேதான் சேர்த்தேன், யார் மேலும் பழியில்லை, என்னை மன்னித்துவிடு என்றேன். முப்பது வருடம் வகுப்பில் பேசியவள், வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துப் பேசினேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள். "நீங்க பேசினதை அன்னிக்கே கேட்டேன்ல. நான் சொல்லவேணாம்னு சொன்னதைத்தான் மொத வார்த்தையா சொன்னீங்க. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வருசம் பாத்தேன், ரெண்டு வருசம் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்." வாளியை ஓரமாக வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சு எவ்வளவோ நாளாச்சுங்க. உக்காருங்க, டீ போடுறேன்."

டீ வந்தது. பால் கெட்டியாக, சர்க்கரை தூக்கலாக, எனக்குப் பிடிக்கிற மாதிரியே போட்டிருந்தாள். உன் அங்கியைப் பற்றி, நீ போகிற ஊரைப் பற்றி எல்லாம் விசாரித்தாள். தம்பி நல்லா வரும் டீச்சர் என்றாள். நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளே யாரோ இருமினார்கள். லேசான இருமல் இல்லை, நெஞ்சிலிருந்து வருகிற, பல நாள் இருமல். எஸ்தர் கையை நீட்டி, பேச்சை நிறுத்தாமலேயே, பின்னால் இருந்த கதவைச் சாத்தினாள். நான் தம்ளரைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். உள்ளே யாருக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

உன் அம்மா